எட்டாம் வகுப்புக்கு "ஃபார்வர்டு" பற்றி எப்படிப் பாடம் எடுப்பது?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் எழுதிக்கொள்கிறேன். சென்னையில் ஓர் அரசு உதவி பெறும் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறீர்கள். எட்டு, ஒன்பதாம் வகுப்புகளுக்கு ஊடகம், இணையம் பற்றி வாரம் ஒரு பீரியடு எடுக்கும்படி தலைமையாசிரியர் உங்களிடம் ஒப்படைத்திருக்கிறார். பாடப்புத்தகம் கிடையாது. பள்ளிக்குள் செல்போனுக்கு அனுமதி இல்லை. "வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள்" என்பதைத் தாண்டி இதில் சொல்ல என்ன இருக்கிறது, எதிலிருந்து தொடங்குவது, மதிப்பெண் போட முடியுமா என்று கேட்கிறீர்கள். போகிறபோக்கில் கடைசி வரியில், "பிள்ளைகளுக்கு வதந்தியை அனுப்புவதே அவர்கள் வீட்டுப் பெரியவர்கள்தான், நான் என்ன செய்ய?" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் உண்மையான கேள்வி அதுதான் என்று எனக்குப் படுகிறது. அம்மா, சித்தப்பா, பக்கத்து வீட்டு அண்ணன் என்று தங்களுக்கு வேண்டியவர்கள் அனுப்பியதை, அவர்களை அவமதிக்காமல் பிள்ளைகள் விசாரித்துப் பார்க்க ஓர் ஆசிரியரால் பழக்க முடியுமா? முடியும். ஆனால் ஒரு நாள் பேச்சில் முடியாது.

நான் பல ஆண்டுகள் ஒரு தமிழ் நாளிதழின் டெஸ்கில், அதாவது வரும் செய்திகளைச் சரிபார்த்துத் திருத்தும் பிரிவில், துணை ஆசிரியராக இருந்தேன். பிறகு வடசென்னைப் பள்ளிகள் சிலவற்றில், அங்குள்ள ஆசிரியர்களோடு சேர்ந்து இதே வயதுப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்துவருகிறேன். சட்டத்திலும் மனநல ஆலோசனையிலும் எனக்குப் பயிற்சி இல்லை. அந்த இடங்கள் வரும்போது யாரிடம் போக வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று: "நம்பாதே" என்பது பாடமாகாது. எதையும் நம்பாத பிள்ளை, எல்லாவற்றையும் நம்பும் பிள்ளையைவிடப் பாதுகாப்பாக இல்லை. "எல்லாமே ஃபேக் சார், எல்லா சேனலும் காசு வாங்கிட்டுத்தான் போடுறாங்க" என்று ஒன்பதாம் வகுப்புப் பையன் சொல்லும்போது பல ஆசிரியர்கள் விவரமான பிள்ளை என்று மகிழ்ந்துபோகிறார்கள். அடுத்த நிமிடமே அவன் தனக்குப் பிடித்த யூடியூபர் சொன்னதை வரி பிசகாமல் ஒப்பிப்பான். எல்லாம் பொய் என்று முடிவுகட்டியவனுக்கு, மனதுக்குப் பிடித்ததை நம்பிக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. நீங்கள் கொடுக்க வேண்டியது சந்தேகம் அல்ல, விசாரிக்கும் பழக்கம். விசாரித்த பிறகு "இது உண்மைதான்" என்று ஒரு பிள்ளை தைரியமாகச் சொல்வதும் இந்த வகுப்பின் வெற்றிதான். அதனால் நீங்கள் கொண்டுபோகும் செய்திகளில் பாதியாவது உண்மையானவையாக இருக்கட்டும். பொய்களை மட்டுமே காட்டினால் பிள்ளைகள் எதைப் பார்த்தாலும் பொய் என்று எழுதக் கற்றுக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

அடுத்தது, எவ்வளவு காலம் எடுக்க வேண்டும் என்பது. இதில் நம் நாட்டிலேயே நல்ல ஆதாரம் இருக்கிறது. 2019 நாடாளுமன்றத் தேர்தல் சமயத்தில் சுமித்ரா பத்ரிநாதன் என்ற ஆய்வாளர் பிகாரில் 1,224 பேரை வைத்து ஒரு சோதனை நடத்தினார். வீடு தேடிப் போய், ஆளுக்கு ஒரு மணி நேரம், பொய்ச் செய்தியைக் கண்டுபிடிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார்கள். பொதுவாகப் பார்த்தால் பலன் தெரியவில்லை. கட்சிப் பற்றுள்ள ஒரு பிரிவினர், தங்கள் கட்சிக்குச் சாதகமான பொய்களை இனங்காண்பதில் முன்பைவிட மோசமானார்கள். பின்னால் அவரே வேறு சிலரோடு சேர்ந்து, அதே பிகாரில் 583 கிராமங்களில், 13 முதல் 18 வயது வரையுள்ள 13,500-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் வேறு விதமாக முயன்றார். 14 வாரங்களில் நான்கு வகுப்புகள், நடுவே வீட்டுப்பாடம், கூடவே படிக்கும் நண்பர்கள். இந்த முறை பலன் தெரிந்தது. நான்கு மாதம் கழித்துச் சோதித்தபோதும் இருந்தது. வகுப்புக்கே வராத பெற்றோரிடமும் மாற்றம் தெரிந்தது. உங்கள் கடைசி வரிக் கேள்விக்கு என்னிடம் இருக்கும் மிக நல்ல பதில் இந்த ஆய்வுதான்: பிள்ளை வழியாக வீட்டுக்குப் போகும்.

நம் பள்ளிகளில் பெரும்பாலும் நடப்பது முதல் வகை. ஒரு சைபர் கிரைம் அதிகாரியை அழைத்து, மைதானத்தில் எல்லாரையும் உட்காரவைத்து, நாற்பது நிமிடப் பேச்சு, உறுதிமொழி, குரூப் போட்டோ. அதைச் செய்வதில் தவறில்லை, அதோடு நிறுத்திக்கொள்வதுதான் தவறு. உங்களுக்கு வாரம் ஒரு பீரியடு கிடைத்திருக்கிறது. அதைக் கணக்கு டீச்சர் கேட்டாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

என்ன சொல்லிக்கொடுப்பது என்பதற்கு வருகிறேன். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ என்ற இருவர் 2017-இல் ஒரு சோதனை செய்தார்கள். வரலாற்றுப் பேராசிரியர்கள் 10 பேர், தொழில்முறைச் செய்தி சரிபார்ப்பாளர்கள் 10 பேர், மாணவர்கள் 25 பேர். பழக்கமில்லாத இணையதளங்களைக் காட்டி, இதை நம்பலாமா என்று கேட்டார்கள். பேராசிரியர்கள் பலரும் மாணவர்களும் அந்தப் பக்கத்திலேயே இருந்து, அழகான லோகோ, நீளமான கட்டுரை, அடிக்குறிப்பு எல்லாம் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் அந்தப் பக்கத்தை முழுசாகப் படிக்கக்கூட இல்லை. உடனே வெளியே வந்து, இதை நடத்துவது யார், மற்றவர்கள் இவர்களைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கு வந்தார்கள்.

டெஸ்கில் நாங்கள் செய்ததும் இதுதான். நள்ளிரவில் ஒரு பகுதி நேர நிருபர் போன் செய்து, விபத்தில் இத்தனை பேர் பலி என்று சொன்னால், அவர் குரலில் உறுதி இருக்கிறதா என்று யாரும் ஆராய மாட்டோம். அந்த ஊர்க் காவல் நிலையத்துக்கு ஒரு போன், அரசு மருத்துவமனைக்கு ஒரு போன். இரண்டும் ஒத்துவராவிட்டால் "பலர் காயம்" என்று மட்டும் போட்டுப் பக்கத்தை முடிப்போம். ஆகவே உங்கள் வகுப்புக்கு மூன்றே கேள்விகள் போதும்: இதைச் சொல்வது யார்? முதலில் எங்கே வந்தது? வேறு யார் சொல்கிறார்கள்? கரும்பலகையின் ஓரத்தில் ஆண்டு முழுக்க அவை அழியாமல் இருக்கட்டும். எழுத்துப்பிழை இருக்கிறதா, ஆச்சரியக்குறி அதிகமா என்று அடையாளம் தேடவைக்கும் பட்டியல்களை நான் விட்டுவிட்டேன். பொய் பரப்புகிறவர்கள் இப்போது பிழையில்லாமல்தான் எழுதுகிறார்கள்.

செல்போன் இல்லாமல் எப்படி என்று கவலைப்படுகிறீர்கள். எனக்கு மிக நன்றாக அமைந்த வகுப்பு ஜெராக்ஸ் காகிதத்தில் நடந்ததுதான். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னைப் பிள்ளைகளின் எல்லா குரூப்பிலும் இரவு ஒரே கேள்விதான் ஓடும்: நாளைக்கு லீவா? கலெக்டர் பெயர் போட்ட போலி அறிவிப்பு, டிவி சேனல் லோகோ போட்ட போலி நியூஸ் கார்டு, போன வருடத்து உண்மையான அறிவிப்பு எல்லாம் கலந்து சுற்றும். அவற்றில் இரண்டை எடுத்துப் பிரதி போட்டு, ஒன்று உண்மை, ஒன்று போலி என்றுகூடச் சொல்லாமல் பெஞ்சுக்கு ஒன்றாகக் கொடுங்கள். "எது நிஜம்?" என்று கேட்காதீர்கள். கேட்டால் கை தூக்கி ஓட்டுப் போடுவார்கள். "இது நிஜமா என்று உறுதி செய்ய உனக்கு இன்னும் என்ன தெரிய வேண்டும்?" என்று கேளுங்கள்.

பிள்ளைகள் சொல்வதைக் கேட்கவே நன்றாக இருக்கும். "சார், இதுல வெள்ளிக்கிழமைன்னு போட்டிருக்கு, காலண்டர்ல அந்தத் தேதி வியாழன் சார்" என்று ஒரு பெண் எழுந்து சுவரைக் காட்டினாள். "இவங்க பழைய கலெக்டர் சார், மாத்திட்டாங்க." "ஸ்கூலுக்கு மட்டுமா, காலேஜுக்குமான்னு போடல." கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "லோகோ இருக்குல்ல சார், அப்ப நிஜம்தான்" என்றான். அந்தப் பதிலுக்காகத்தான் காத்திருந்தேன். கலர் சாக்பீஸை அவன் கையில் கொடுத்து, அந்த லோகோவைப் பலகையில் வரையச் சொன்னேன். ஒரு நிமிடத்தில் வரைந்துவிட்டான், நன்றாகவே வரைந்தான். அதன் கீழே "இன்று முதல் ஒன்பதாம் வகுப்புக்கு மட்டும் தேர்வு ரத்து" என்று எழுதினேன். மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை.

அந்த வகுப்பிலேயே சொல்ல வேண்டிய இன்னொன்று, யாருக்கு எதைச் சொல்லும் அதிகாரம் என்பது. மழை எவ்வளவு வரும் என்று சொல்வது நுங்கம்பாக்கத்தில் இருக்கும் மண்டல வானிலை ஆய்வு மையம். பள்ளிக்கு விடுமுறை அறிவிப்பது மாவட்ட ஆட்சியர். சிவப்பு எச்சரிக்கை வந்தாலே விடுமுறை ஆகிவிடாது. முகநூலில் தனியாக வானிலை எழுதுகிறவர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் விடுமுறை விட முடியாது. "யார் சொன்னது?" என்பதற்குள் "அதைச் சொல்ல அவர் யார்?" என்ற கேள்வியும் இருப்பது பிள்ளைகளுக்கு இங்கே தானாகவே புரியும்.

படங்களுக்கும் வீடியோவுக்கும் நம் ஊர் வரலாற்றிலேயே போதுமான பாடம் இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டதாக ஒரு புரளி கிளம்பியது. பண்ணை நிர்வாகமே மறுக்க வேண்டியதாயிற்று. 250 சென்டிமீட்டர் மழை வரப்போகிறது என்று நாசா எச்சரித்ததாக இன்னொன்று. அதே வெள்ளத்தில் படகு எங்கே இருக்கிறது, சாப்பாடு எங்கே கிடைக்கும், யார் வீட்டு மாடியில் தங்கலாம் என்று முகம் தெரியாதவர்கள் சமூக ஊடகத்தில் சொல்லித்தான் எத்தனையோ பேர் பிழைத்தார்கள். இந்த இரண்டையும் ஒரே வகுப்பில் சொல்லுங்கள். ஃபார்வர்டு செய்வதே பாவம் என்ற எண்ணத்தோடு பிள்ளைகள் வீட்டுக்குப் போகக் கூடாது. உங்கள் பள்ளியில் ஹைடெக் லேப் இருந்தால் ஒரு பீரியடு வாங்கி, கூகுள் லென்ஸில் ஒரு படத்தைப் போட்டு அது முதலில் எப்போது வெளியானது என்று தேடவையுங்கள். பழைய படத்துக்குப் புதுத் தலைப்பு என்பதுதான் இன்றும் மிகச் சாதாரணமான ஏமாற்று.

ஒன்பதாம் வகுப்பாக இருந்தால் 2018-ஐயும் சொல்லலாம், ஆனால் கவனமாக. அந்த மே மாதம், பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தி வட தமிழகத்தில் பரவியிருந்தது. சென்னையிலிருந்து கோயிலுக்குக் காரில் போன ஒரு குடும்பம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் ஒரு கிராமத்தில் வழி கேட்டு, அங்கிருந்த குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தது. ஊரே திரண்டு அடித்ததில் 65 வயது மூதாட்டி இறந்துபோனார். அந்த ஆண்டு இந்தியா முழுக்கச் சுற்றிய குழந்தைக் கடத்தல் வீடியோக்களில் ஒன்று, பாகிஸ்தானில் கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். பைக்கில் வந்து குழந்தையைத் தூக்கியவர்கள், திரும்பிவந்து குழந்தையை விட்டுவிட்டு ஓர் எச்சரிக்கை வாசகத்தைக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். குழந்தைகளைக் காப்பாற்ற எடுத்த படம் மனிதர்களைக் கொல்லப் பயன்பட்டது. இதைச் சொல்லும்போது அடிபட்ட படங்களைக் காட்டாதீர்கள், சொன்னால் போதும். அந்த ஊர்க்காரர்களைக் காட்டுமிராண்டிகளாகவும் வர்ணிக்காதீர்கள். தங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டுதான் அவர்கள் அதைச் செய்தார்கள். பிள்ளைகள் யோசிக்க வேண்டிய இடமும் அதுதான்: பயத்தையும் பாசத்தையும் தொடும் செய்தியைத்தான் நாம் விசாரிக்காமல் அனுப்புகிறோம். இந்த 2018 சம்பவங்களுக்குப் பிறகுதான் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு (தனி ஆளோ குரூப்போ) மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி மாற்றியது. பல கை மாறி வந்த செய்திக்கு இரட்டை அம்புக்குறி காட்டுகிறது. 2020 ஏப்ரலிலிருந்து அப்படிப்பட்டதை ஒரு தடவைக்கு ஓர் இடத்துக்குத்தான் அனுப்ப முடியும். அந்த இரட்டை அம்பு என்ன என்பது பெரியவர்கள் பலருக்கே தெரியாது. பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்ல ஆசைப்படும் தகவல் அது. செய்தி பொய் என்று அந்த அம்பு சொல்லவில்லை, வெகுதூரம் வந்திருக்கிறது என்று மட்டுமே சொல்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு, 2023 மார்ச்சில் நடந்தது. பிகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று தொடர்பே இல்லாத வீடியோக்களை ஒட்டி வட இந்தியாவில் பரப்பினார்கள். தமிழ்நாடு காவல்துறை மறுத்தது, வழக்குகள் பதிவாயின, பிகார் அரசின் குழுவே நேரில் வந்து விசாரித்துப் போனது. பெரம்பூரிலோ அம்பத்தூரிலோ உங்கள் பிள்ளைகளின் தெருவிலேயே அந்த மாநிலத் தொழிலாளர்கள் இருப்பார்கள். நம்மைப் பற்றி ஒருவர் பொய் பரப்பினால் எப்படி இருக்கும் என்று அன்று உணர்ந்த பிள்ளைக்கு, அடுத்தவரைப் பற்றிய பொய்யைத் தொடக் கொஞ்சமாவது கை கூசும்.

அரசியல் வராமல் இந்தப் பாடத்தை நடத்த முடியாது. தவிர்த்தால் பிள்ளைகள் சோப்பு விளம்பரத்தை ஆராயக் கற்றுக்கொண்டு தேர்தல் செய்தியில் கோட்டைவிடுவார்கள். நான் கடைப்பிடிப்பது ஒரே விதி: ஒரு பக்கத்து உதாரணம் எடுத்தால் அதே பீரியடில் மறு பக்கத்து உதாரணமும் வர வேண்டும். 2015 வெள்ளத்தைப் பிரதமர் விமானத்திலிருந்து பார்வையிடும் படத்தில், ஜன்னலுக்குள் வேறொரு காட்சியை ஒட்டி மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் வெளியிட்டது. பிறகு அதை நீக்கி வருத்தம் தெரிவித்தது. 2024 பிப்ரவரியில் குலசேகரப்பட்டினம் ராக்கெட் ஏவுதளத்துக்காகத் தமிழக அமைச்சர் ஒருவர் பெயரில் வந்த நாளிதழ் விளம்பரத்தில், ராக்கெட்டின் மேல் சீனக் கொடி இருந்தது. வடிவமைத்தவர் செய்த தவறு என்று அவர் ஒப்புக்கொண்டார். இரண்டையும் அருகருகே வைத்தால் எந்தப் பெற்றோரும் உங்கள் மேல் புகார் சொல்ல முடியாது. அதிகாரபூர்வமான இடத்திலிருந்து வந்தாலும் சரிபார்க்க வேண்டியிருக்கும், தவறினால் திருத்துகிறார்களா என்று கவனிக்க வேண்டும் என்பதும் பிள்ளைகளுக்குப் பதியும். செய்தி சரிபார்ப்புத் தளங்களையும் இதே கண்ணோடு அறிமுகப்படுத்துங்கள். தமிழில் யூடர்ன் இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2023-இல் ஒரு தகவல் சரிபார்ப்பகத்தை அமைத்திருக்கிறது. இரண்டுமே பயன்படும். ஆனால் அரசு நடத்தும் சரிபார்ப்பகம் அரசைப் பற்றிய குற்றச்சாட்டை மறுக்கும்போது, அது சம்பந்தப்பட்ட தரப்பின் பதில் என்பதையும் நினைவில் வைத்து வேறு இடத்திலும் பார்க்க வேண்டும். இன்னொரு எளிய பயிற்சி: ஒரே நாளின் தினத்தந்தி, தினமணி, தினமலர், இந்து தமிழ் திசை நான்கையும் டீக்கடையில் கேட்டு வாங்கி, ஒரே சம்பவத்துக்கு நான்கு தலைப்புகளை எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். எதை முதல் பக்கத்தில் வைத்தார்கள், எதை ஏழாம் பக்கத்துக்குத் தள்ளினார்கள் என்று பார்ப்பது, பொய்யே இல்லாமலும் ஒரு செய்தியைச் சாய்க்க முடியும் என்று காட்டும்.

வீட்டுப் பெரியவர்கள் விஷயத்தில் நான் பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்வது, ஃபேமிலி குரூப்பில் எல்லார் முன்னாலும் "இது ஃபேக்" என்று போடக் கூடாது. பெரியப்பா அதற்குப் பிறகு அந்தப் பொய்யை இன்னும் இறுகப் பிடித்துக்கொள்வார். தனியாகப் போய், "பெரியப்பா, இத யாரு அனுப்புனாங்க? நானும் தேடிப் பார்த்தேன், இப்படி வருது" என்று காட்டச் சொல்கிறேன். அதற்கும் எல்லா வீட்டிலும் இடமில்லை. அடி வாங்கும் வீடுகள் உண்டு. அதனால் வீட்டைத் திருத்துவதை வீட்டுப்பாடமாகக் கொடுக்காதீர்கள். 2017-இல் பள்ளிகளில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி போட்டபோது வாட்ஸ்அப் வதந்தியை நம்பிப் பெற்றோர் பலர் பிள்ளைகளை அனுப்பாமல் இருந்ததும், அதனால் முகாமை நீட்டிக்க வேண்டிவந்ததும் உங்களுக்கே நினைவிருக்கலாம். அப்போது பல தாய்மார்களை மாற்றியது சுகாதாரத் துறையின் மறுப்பு அறிக்கையைவிட, வகுப்பு டீச்சர் நேரில் சொன்ன ஒரு வார்த்தைதான் என்று நான் நம்புகிறேன்.

இதுவரை சொன்னது வெளியிலிருந்து வருவதைப் பற்றி. பிள்ளைகள் ஒருவருக்கொருவர் செய்துகொள்வது எனக்கு இதைவிடப் பெரிய கவலை. போலிச் செய்திகளால் உடனடியாகக் காயப்பட்ட எட்டாம் வகுப்புப் பிள்ளையை நான் அதிகம் பார்த்ததில்லை. ஸ்டிக்கரால் காயப்பட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஆன்லைன் வகுப்பில் கண் பாதி மூடியபடி எடுத்த ஸ்கிரீன்ஷாட், சாப்பிடும்போது எடுத்த படம், அதை வெட்டி ஸ்டிக்கராக்கி, அதற்கு ஒரு பட்டப்பெயர். ஒரு பள்ளியில் ஒரு பெண் சில நாட்களாக வரவில்லை. காய்ச்சல் என்று சொல்லியிருந்தார்கள். ஸ்டிக்கர்தான் காரணம் என்று வகுப்பு ஆசிரியைக்குத் தெரிந்தபோது, செய்த பையனைக் கூப்பிட்டால் "சும்மா ஜாலிக்குத்தான் மிஸ், அப்பவே டெலிட் பண்ணிட்டேன்" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. அவன் போனில் டெலிட் ஆகிவிட்டது. மற்ற முப்பது போன்களில் சேமிப்பில் இருந்தது.

இதை வகுப்பில் எடுக்கும்போது யார் பெயரையும் சொல்லாமல், கற்பனைச் சம்பவமாக வைத்து, சங்கிலியைப் பலகையில் வரையவைக்கிறேன். படம் எடுத்தவர். ஸ்டிக்கர் செய்தவர். குரூப்பில் போட்டவர். சிரிக்கும் இமோஜி போட்டவர். சேமித்தவர். பார்த்துவிட்டுச் சும்மா இருந்தவர். "இதில் எந்த இடத்தில் இது நின்றிருக்கும்?" என்று கேட்டால் முதலில் எல்லாரும் எடுத்தவனைக் காட்டுவார்கள். கொஞ்ச நேரம் விட்டுப் பாருங்கள். சிரித்தவர்கள் இல்லாவிட்டால் அவன் அடுத்ததைச் செய்திருக்க மாட்டான் என்று யாராவது ஒரு பிள்ளை சொல்லும். சும்மா இருந்தவர்கள் அந்தப் பெண்ணுக்குத் தனியாக "நீ வா, நாங்க இருக்கோம்" என்று ஒரு மெசேஜ் அனுப்பியிருக்கலாம் என்று இன்னொரு பிள்ளை சொல்லும். ஆசிரியர் சொல்லாமல் அவர்கள் வாயிலிருந்தே வந்த அந்த யோசனை பிறகு நிஜமாகவே நடந்ததையும் பார்த்திருக்கிறேன். அடுத்தவர் படத்தை எடுக்கும் முன், பகிரும் முன் கேட்க வேண்டும் என்ற விதியை ஆசிரியர்களும் கடைப்பிடிக்க வேண்டும். நாம் பிள்ளைகளைக் கேட்காமல் படம் எடுத்து ஸ்டேட்டஸில் வைத்துக்கொண்டு, சம்மதம் பற்றிப் பாடம் எடுத்தால் எடுபடாது.

சட்டத்தைச் சொல்லுங்கள், ஆனால் மிரட்டலாக வேண்டாம். பெண் பத்திரிகையாளர்களைப் பற்றி இழிவான ஒரு பதிவைப் பகிர்ந்தவர், தான் எழுதியதல்ல, ஃபார்வர்டுதான் என்று சொன்னபோது, ஒரு செய்தியைப் பகிர்வது அதை ஏற்றுக்கொள்வதற்குச் சமம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-இல் சொன்னது. பெரிய வகுப்புகளுக்கு இந்த ஒன்று போதும். ஆசிரியர்களுக்கு வேறொரு எச்சரிக்கை இருக்கிறது. ஒரு மாணவியின், மாணவனின் ஆபாசமான படம் சுற்றுகிறது என்று தெரிந்தால், ஆதாரம் என்று நினைத்து அதை உங்கள் போனுக்கு அனுப்பச் சொல்லாதீர்கள், தலைமையாசிரியருக்கோ ஸ்டாஃப் குரூப்புக்கோ அனுப்பாதீர்கள். 18 வயதுக்குட்பட்டவர்களின் அப்படிப்பட்ட படத்தை அனுப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவின்படி குற்றம். வைத்திருப்பதும் குற்றமாகும் என்பதை 2024 செப்டம்பரில், சென்னையிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் என்று தெரியவந்தால் போலீஸில் தெரிவிப்பது போக்சோ சட்டப்படி உங்கள் கடமை, "பள்ளிப் பெயர் கெடும்" என்று மூடிவைக்க முடியாது. குழந்தைகள் உதவி எண் 1098. பண மோசடி என்றால் 1930, எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவு நல்லது. இந்த இரண்டு எண்களும் பிள்ளைகளுக்கு மனப்பாடமாக இருக்கட்டும். ஒரு குறிப்பிட்ட சம்பவத்தில் என்ன செய்வது என்பதை என்னைப் போன்ற ஒருவரிடம் இணையத்தில் கேட்காதீர்கள், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் கேளுங்கள்.

சாதிப் பெருமை ரீல்ஸ், பட்டாக்கத்தியோடு "ரூட்டு தல" (பஸ் ரூட்டில் மாணவர் கும்பலுக்குத் தலைவன்) ரீல்ஸ், நடிகர்களின் ரசிகர் சண்டை எல்லாம் உங்கள் வகுப்புக்குள் இருக்கும். நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு நீதிபதி சந்துரு குழு 2024-இல் கொடுத்த அறிக்கையை, பள்ளிகளில் சாதி எப்படி வேலை செய்கிறது என்று அறிய நீங்கள் படிக்க வேண்டும். ஆனால் இதை முதல் பருவத்திலேயே எடுக்க வேண்டாம். பிள்ளைகள் உங்களை நம்பத் தொடங்கிய பிறகு எடுங்கள்.

செயற்கை நுண்ணறிவு உருவாக்கும் போலிப் படம், வீடியோ பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். விரல்களை எண்ணிப் பார், கண் சிமிட்டுகிறதா பார் என்ற உபாயங்களைச் சொல்லிக்கொடுக்காதீர்கள். ஓராண்டில் பழசாகிவிடும், அதற்குள் பிள்ளைக்குத் தவறான தைரியம் வந்துவிடும். போலியைக் கண்டுபிடிக்கும் மென்பொருட்களும் தவறுகின்றன. படத்துக்குள் தேடுவதை விட்டு, அதில் காட்டும் பேச்சோ சம்பவமோ நடந்ததாகச் சொல்லும் இடத்தில் வேறு யார் இருந்தார்கள், அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்கும் பழைய வழிதான் இன்னும் நிற்கிறது. சாட்பாட் கொடுக்கும் விடையும் அப்படித்தான். இல்லாத நூலையும் இருப்பதுபோல் சொல்லும். அதனிடம் உங்கள் ஊர் வரலாற்றைக் கேட்டு எழுதிவரச் சொல்லி, அதைத் தாத்தா பாட்டியிடமும் நூலகத்திலும் சரிபார்க்கச் சொல்லுங்கள், அதுவே நல்ல பயிற்சி.

இந்த வகுப்பால் ஆகாதவையும் உண்டு. கோபமூட்டுவதை மேலே தள்ளிக் காட்டும் செயலிகளை எட்டாம் வகுப்புப் பிள்ளையின் விழிப்புணர்வால் மாற்றிவிட முடியாது, அது அரசும் நிறுவனங்களும் செய்ய வேண்டிய வேலை. ஆழ்ந்த கட்சிப் பற்றையும் மத நம்பிக்கையையும் தொடும் பொய்களில் ஆய்வு முடிவுகள் கலவையாகத்தான் இருக்கின்றன. பிகார் மாணவர்களிடம் கண்ட பலன் நான்கு மாதத்துக்கு அளந்தது, பத்து வருடத்துக்கு அல்ல.

மதிப்பெண் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எழுத்துத் தேர்வு வைத்தால் "சமூக ஊடகத்தின் தீமைகள் ஐந்து" என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கிவிடுவார்கள், அது எதையும் அளக்காது. பருவத்துக்கு ஒருமுறை, அவர்கள் பார்த்திராத நியூஸ் கார்டு ஒன்றைக் கையில் கொடுத்து, இதை உறுதி செய்ய வரிசையாக என்னென்ன செய்வாய் என்று எழுதச் சொல்லுங்கள். விடை சரியா என்று பார்க்காதீர்கள், முதல் அடி எது என்று பாருங்கள். பிள்ளை கார்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறதா, வெளியே போய்க் கேட்க நினைக்கிறதா? ஜூனில் எழுதியதையும் மார்ச்சில் எழுதியதையும் ஒரே காகித உறையில் போட்டுவைத்து, ஆண்டு முடிவில் அந்தப் பிள்ளையிடமே கொடுத்து வித்தியாசத்தைச் சொல்லச் சொல்லுங்கள். தலைமையாசிரியர் கட்டாயம் எண்ணில் கேட்டால், அந்த இரண்டு காகிதங்களுக்குமான வித்தியாசத்துக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டுக்கொள்ளுங்கள்.